செட்டிநாட்டு வீடுகளில் இரவு வீடியோ: நாய்ஸைக் குறைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிமார்களும், தங்கள் வீட்டு விசேஷத்தைத் தாங்களே கைபேசியில் எடுத்துவைக்க விரும்பும் குடும்பத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரிய வீடுகளின் உள்கட்டுகளில் பகலிலேயே வெளிச்சம் குறைவு. இரவில் விளக்கும் ஒன்றிரண்டு பல்புகளும்தான் துணை. அங்கே எடுத்த காட்சியை டிவியில் போட்டுப் பார்க்கும்போது இருண்ட இடமெல்லாம் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் துடிப்பதைத்தான் நாய்ஸ் என்கிறோம்.

இந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? கேமராவில் கோளாறா?

பெரும்பாலும் கோளாறு இல்லை. ஒளி என்பது துகள் துகளாக வந்து, படத்தைப் பிடிக்கும், சிறு கட்டங்களால் ஆன சென்சாரில் விழுவது. அப்படி விழும்போது எல்லாக் கட்டங்களிலும் ஒரே எண்ணிக்கையில் விழுவதில்லை. மழைக்காலத்தில் வளவின் (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியின்) முற்றத்தில் வரிசையாகப் பாத்திரங்களை வைத்துப் பாருங்கள். அடைமழை பெய்தால் எல்லாப் பாத்திரங்களிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீர் நிற்கும். நாலு தூறல் மட்டும் போட்டால் ஒன்றில் மூன்று துளியும் பக்கத்துப் பாத்திரத்தில் ஏழு துளியும் கிடக்கும். கணக்காகச் சொன்னால், ஒரு கட்டத்தில் சராசரியாக 100 ஒளித்துகள்கள் விழும்போது ஏற்ற இறக்கம் 10 அளவுக்கு இருக்கும். அது பத்தில் ஒரு பங்கு என்பதால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். 10,000 துகள்கள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. நூற்றில் ஒரு பங்கு என்பதால் அநேகமாகத் தெரியாது. வெளிச்சத்தை நான்கு மடங்கு ஆக்கினால் நாய்ஸ் படத்தோடு ஒப்பிடப் பாதியாகும் என்பது இதிலிருந்து கிடைக்கும் கணக்கு. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கணக்கைச் சுற்றியே இருக்கும்.

இதுபோக, சென்சாரில் சேர்ந்த மின்னூட்டத்தைப் படித்தெடுக்கும் மின்சுற்று தன் பங்குக்குக் கொஞ்சம் நாய்ஸைச் சேர்க்கும். சென்சார் சூடேறினால் அதுவும் சேரும். நல்ல வெளிச்சத்தில் இவை இரண்டும் அடங்கிக் கிடக்கும், இருட்டில் தலைதூக்கும்.

ஐஎஸ்ஓவைக் குறைத்து வைத்தால் நாய்ஸ் வராது என்கிறார்களே?

இந்த ஒரு நம்பிக்கையால் பாழான கல்யாண வீடியோக்கள் எங்கள் வட்டாரத்தில் ஏராளம். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவுதானே தவிர, அது ஒளியைக் கொண்டுவருவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அப்பர்ச்சரையும் (லென்ஸின் திறப்பு) ஷட்டரையும் (ஒளி விழும் நேரம்) மாற்றாமல், 3200 வைக்கவேண்டிய இடத்தில் பயந்து 800 வைத்து இருட்டாக எடுத்துவிட்டு, எடிட்டிங்கில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) ஏற்றினால், சென்சாருக்குக் கிடைத்த ஒளி அதே அளவுதான். ஆகவே நாய்ஸும் அதேதான். பல கேமராக்களில் அதைவிட மோசமாகவும் இருக்கும், ஏனென்றால் 8-பிட் கோப்பில் இருண்ட பகுதிக்கு ஒதுக்கப்பட்ட படிநிலைகள் சொற்பம். அவற்றை இழுத்து உயர்த்தும்போது புள்ளிகளோடு பட்டை பட்டையான கறைகளும் சேர்ந்து வரும்.

முதலில் அப்பர்ச்சர், பிறகு ஷட்டர், பிறகு விளக்கு என்று கிடைக்கும் வெளிச்சத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு, மிச்சத்துக்கு எவ்வளவு ஐஎஸ்ஓ தேவையோ அவ்வளவையும் தயங்காமல் வைக்க வேண்டும். நம் ஊர் மாநிறத்துக்கு, சாதாரண பிக்சர் புரொஃபைலில் (கேமராவின் வழக்கமான நிற அமைப்பில்), முகத்தின் வெளிச்சப் பக்கம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் விழும்படி நான் ஸீப்ராவை (குறிப்பிட்ட வெளிச்ச அளவைத் திரையில் கோடுகளாகக் காட்டும் வசதியை) வைத்துக்கொள்கிறேன். முகம் சரியான அளவில் பதிவாகிவிட்டால், பின்னணியில் கிடக்கும் இருட்டை எடிட்டிங்கில் இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கிவிடலாம். அமுக்கும்போது அங்கிருக்கும் புள்ளிகளும் சேர்ந்து அமுங்கும்.

சில கேமராக்களில் ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ் குறைகிறது என்பது உண்மையா?

உண்மைதான். இரண்டு அடிப்படை ஐஎஸ்ஓ கொண்ட கேமராக்கள் இருக்கின்றன. சோனி எஃப்எக்ஸ்3-இல், சினி இஐ என்ற பதிவு முறையில், அவை 800, 12800. பானசோனிக் எஸ்5-இல், பிறகு எடிட்டிங்கில் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவுசெய்யும் வி-லாக்கில், 640, 4000. இரண்டாவது அடிப்படைக்கு மாறும்போது மின்சுற்றே வேறு நிலைக்குப் போவதால், அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் எண்களைவிட அந்த எண்ணில் இருட்டுப் பகுதி சுத்தமாக இருக்கும். எஸ்5 வைத்திருப்பவர் 3200-இல் தடுமாறிக்கொண்டிருப்பதைவிட 4000-க்குப் போய்விடுவது நல்லது. உங்கள் கேமராவுக்கு எது என்று தெரியாவிட்டால், லென்ஸ் மூடியைப் போட்டு ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் பத்து விநாடி பதிவுசெய்து, எல்லாவற்றிலும் ஒரே அளவு பிரகாசத்தை ஏற்றிப் பாருங்கள். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் வேலை.

ஷட்டரை எவ்வளவு வரை இறக்கலாம்?

நொடிக்கு 25 ஃபிரேமில் (படங்களில்) எடுத்தால் வழக்கமான அளவு 1/50 நொடி. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்கும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். 1/50 வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் சரியாக இரண்டு துடிப்புகள் அடங்கிவிடுவதால் பட்டைகள் ஓடாது. கேமராவை 30 அல்லது 60 ஃபிரேமில் விட்டு 1/60 வைத்திருப்பவர்களின் படத்தில்தான் சுவரில் கருப்புப் பட்டைகள் நீந்துகின்றன.

ஆள் அசைவு குறைவான காட்சிகளில், அதாவது பெரியவர்கள் பட்டாலையில் (உயர்ந்த உட்காருமிடத்தில்) உட்கார்ந்து பேசுவது, சாமி வீட்டில் விளக்கு எரிவது போன்றவற்றில், 1/25 வரை இறக்கலாம். வெளிச்சம் இரட்டிப்பாகும், 50 ஹெர்ட்ஸ் துடிப்போடும் ஒத்துப்போகும். பிள்ளைகள் ஓடும் இடத்தில் இறக்கினால் எல்லாம் இழுபட்டுக் கரைந்துவிடும். ஸ்லோமோஷனை இரவில் தவிர்த்துவிடுங்கள். 100 ஃபிரேமில் ஷட்டர் 1/200 ஆகிவிடுவதால் நான்கில் மூன்று பங்கு வெளிச்சம் அங்கேயே போய்விடும்.

புதிய கேமரா வாங்குவதா, புதிய லென்ஸ் வாங்குவதா?

கையில் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் மட்டும் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், லென்ஸ்தான். கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6 (இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு பெரிது), ஒரு சாதாரண 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். கேமரா மாற்றினால் கிடைக்கும் லாபம் இதற்கு அருகில் வருவது அரிது. சென்சாரின் அளவும் முக்கியம்தான்: முழு ஃபிரேம் சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர், மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் பரப்பு ஏறத்தாழ 225, ஆகவே ஒரே எஃப் எண்ணில் முன்னது கிட்டத்தட்ட நான்கு மடங்கு ஒளியைப் பிடிக்கிறது. ஆனால் அதற்கு ஆகும் செலவையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

எஃப் 1.4-இல் ஒரு சிக்கலும் உண்டு. முழு ஃபிரேமில் 50 மில்லிமீட்டர் லென்ஸை வைத்து இரண்டு மீட்டர் தூரத்தில் எடுத்தால், துல்லியமாகத் தெரியும் ஆழம் சுமார் 13 செ.மீ. மட்டும், ஒரு சாண்கூட இல்லை. திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரத்தில் மாப்பிள்ளை முகமும் பெண் முகமும் அந்த ஆழத்துக்குள் நிற்காது. அந்தக் காட்சிக்கு எஃப் 2.8 வைத்து, கொஞ்சம் நாய்ஸை ஏற்றுக்கொள்வேன். புள்ளிகளை எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்யலாம். ஃபோகஸ் போன திருப்பூட்டுதலை யாரும் சரிசெய்ய முடியாது.

எல்லாம் சரியாக வைத்தும் படம் இருட்டாகவே இருக்கிறது. ஏன்?

லென்ஸின் முன்னால் என்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு வீட்டில் மாலை வெயிலில் முகப்பை எடுப்பதற்காகப் போட்ட, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரைக் கழற்றாமலேயே மாப்பிள்ளை அழைப்பு முழுவதையும் நான் எடுத்து முடித்திருக்கிறேன். ஐஎஸ்ஓ 20000-ஐத் தாண்டியும் காரணம் புரியவில்லை, லென்ஸைப் பையில் வைக்கும்போதுதான் கை தட்டியது. வேரியபிள் என்டியை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பினாலும் ஒரு ஸ்டாப்பாவது போகும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசரும் அப்படியே. அதோடு, எண்ணெய் விளக்கும் சாம்பிராணியும் உள்ள அறையில் கொஞ்ச நேரம் நின்றாலே கண்ணாடியில் மெல்லிய படலம் படியும்.

விளக்கை எங்கே வைப்பது? வீட்டின் அழகு கெடாமல் வெளிச்சம் கூட்ட முடியுமா?

இந்த வீடுகளின் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டால் சிறிய விளக்கே போதும். மண்டபங்களில் எடுத்துப் பழகியவர்கள் இங்கே வந்ததும் எல்இடியை மேல்நோக்கித் திருப்பி, கூரையில் பட்டு வெளிச்சம் இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். மேலே இருப்பது வெள்ளைக் கூரை இல்லை. கறுத்துப்போன பர்மா தேக்கு. கொடுத்த ஒளியில் பெரும்பகுதியை அது விழுங்கிவிட்டு, மிச்சத்தைப் பழுப்பாகத் திருப்பித் தரும். தூண்களும் அப்படியே.

திருப்பித் தருவது சுவர். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, பளிங்குபோலத் தேய்த்தெடுத்த அந்த வெள்ளைச் சுவரைப் போன்ற ரிஃப்ளெக்டர் எந்தக் கடையிலும் கிடைக்காது. எல்இடியைச் சுவருக்கு மூன்று நான்கு அடி தூரத்தில் வைத்து, ஆள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ச்சுவரில் அடியுங்கள்; வளவின் ஒரு பக்கம் முழுவதும் மெல்லிய வெளிச்சம் பரவும், விளக்கு எங்கிருக்கிறது என்பதும் தெரியாது. சுவர் பூச்சு வழவழப்பாக இருப்பதால் விளக்கு வைத்த இடம் ஒரு பளிச்சென்ற வட்டமாகக் கேமராவில் பிரதிபலிக்கக்கூடும். ஓரடி இடம் மாற்றினால் போய்விடும். தரையைக் கவனிக்க வேண்டும். ஆத்தங்குடிக் கல்லில் சிவப்பும் பச்சையும் அதிகமுள்ள தளத்தின் மேல் நேராக ஒளி விழுந்தால், உட்கார்ந்திருப்பவரின் தாடைக்கு அடியில் அந்த நிறம் ஏறும்.

நேரத்தையும் தேர்ந்தெடுக்கலாம். முற்றம் திறந்திருக்கும் வீட்டில் சூரியன் மறைந்து இருபது நிமிடம் வரை மேலிருந்து நீல வெளிச்சம் இறங்கிக்கொண்டிருக்கும். மார்கழியில் அது 6 மணியை ஒட்டி ஆரம்பிக்கும். குடும்பப் படங்களையும் வீட்டைக் காட்டும் காட்சிகளையும் அந்த இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டால், பிறகு இரவில் போராடவேண்டிய காட்சிகள் பாதியாகிவிடும். வீட்டு ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் எல்லாரையும் அந்த நேரத்துக்கு முற்றத்தில் சேர்த்துவிடுவார்கள். வீடியோக்காரர் கூப்பிட்டால் ஒருவரும் வரமாட்டார்கள்.

நேரடியாக அடிக்கும் சிறிய விளக்காக இருந்தால் தூரத்தைக் குறைப்பதே மலிவான வழி. நான்கடியில் இருப்பதை இரண்டடிக்குக் கொண்டுவந்தால் நான்கு மடங்கு வெளிச்சம்.

பிள்ளையார் நோன்பு போன்ற நிகழ்ச்சிகளில் எண்ணெய் விளக்கு மட்டுமே இருக்கும். அங்கே என்ன செய்வது?

எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் கடினமான காட்சி இது. மார்கழியில் சஷ்டியும் சதய நட்சத்திரமும் கூடும் நாளில், மாலையில், 21 இழைகளைத் திரித்து மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, பெரியவர் கையால் கொடுக்க, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள். சுடர் ஒருவரின் முகத்துக்கு அருகில் வந்து அணைவது சில விநாடிகளில் நடந்து முடியும், திரும்பச் செய்யச் சொல்லவும் முடியாது.

எண்ணெய்ச் சுடரின் நிற வெப்பநிலை (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) 1900 கெல்வினை ஒட்டியது. அதில் சிவப்பு ஏராளம், நீலம் மிகவும் சொற்பம். வொயிட் பேலன்ஸை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால், வேட்டியை வெள்ளையாகக் காட்டுவதற்காகக் கேமரா நீலத்தை மட்டும் பல மடங்கு பெருக்கும். கிடைக்காத நீலத்தைப் பெருக்கினால் நாய்ஸ்தான் பெருகும். அதனால்தான் விளக்கொளிப் படங்களில் தலைமுடியிலும் கறுத்த தூண்களிலும் நீலப் பொட்டுகள் துடிக்கின்றன. வொயிட் பேலன்ஸைக் கையால் 3200 கெல்வினில் நிறுத்திவிட்டு, காட்சி மஞ்சளாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். விளக்கு வெளிச்சம் மஞ்சளாகத்தான் இருக்கும் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியும். சிவப்பு மட்டும் எல்லை தாண்டி, முகம் செம்மண் பூசியதுபோல் ஆகாமல் ஆர்ஜிபி அளவை (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தை) பார்த்துக்கொள்ள வேண்டும்.

சுடர் வெளுத்துப்போகும், போகட்டும். முகத்துக்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள். ஆட்டோ எக்ஸ்போஷரில் இருந்தால் சுடர் நெருங்கும்போது கேமரா எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும். துணைக்கு ஒரு சிறிய எல்இடியை 3200-க்கோ அதற்கும் கீழோ இறக்கி, மங்கலாக வைத்து, பின்சுவரில் அடித்தால் நிழல்கள் கொஞ்சம் எழும்பும். மலிவான எல்இடியை மிகவும் மங்கலாக்கினால் துடிப்பு அதிகமாகும் என்பதால், பிரகாசத்தைக் குறைப்பதைவிட விளக்கைத் தள்ளி வைப்பது மேல். இன்னும் இரண்டு குத்துவிளக்கு ஏற்ற முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். எந்த வீட்டிலும் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

கைபேசியில் எடுக்கிறோம். ஏதாவது வழி உண்டா?

உண்டு. பிரதான லென்ஸை மட்டும் பயன்படுத்துங்கள். அகலக் காட்சி தரும் லென்ஸின் பின்னால் இருப்பது பெரும்பாலும் அதைவிடச் சிறிய சென்சார். ஜூம் வேண்டாம், இருட்டில் பல கைபேசிகள் டெலி லென்ஸுக்கு மாறுவதுபோல் காட்டிவிட்டு, பிரதான லென்ஸின் படத்தையே வெட்டிப் பெரிதாக்குகின்றன. நடந்துபோய் நெருங்குங்கள். 60 ஃபிரேமை 30-ஆக்குங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டிவிட்டு, பிரகாசத்தைச் சற்றே கீழே இறக்குங்கள். கைபேசி இரவைப் பகலாக்கிக் காட்ட முயல்வதால்தான் பாதி நாய்ஸ் வருகிறது. எடுக்குமுன் லென்ஸை வேட்டித் தலைப்பால் துடைத்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

லாக்கில் (மேலே சொன்ன வி-லாக் போன்ற முறையில்) எடுக்கலாமா?

படிநிலைகள் அதிகமுள்ள 10-பிட் வசதி இருந்து, அடிப்படை ஐஎஸ்ஓவில் ஒரு ஸ்டாப்பாவது கூடுதலாக எக்ஸ்போஸ் செய்ய வெளிச்சம் இருந்தால் எடுக்கலாம். இல்லாவிட்டால் சாதாரண புரொஃபைலே போதும். விளக்கொளி அறையில் 8-பிட் லாக்கில் எடுத்து வந்து காப்பாற்றச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.

கேமராவில் உள்ள நாய்ஸ் ரிடக்‌ஷனைப் போடலாமா?

குறைந்த அளவில் வைக்கலாம். அதிக அளவில் வைத்தால் பட்டுச்சேலையின் ஜரிகையும் வயதானவர்களின் முகச் சுருக்கமும் மெழுகுபோல் வழிந்துவிடும், பிறகு அதை மீட்க வழியில்லை. ஷார்ப்னெஸ்ஸை இறக்கிவிடுங்கள், அது புள்ளிகளுக்கும் கூர்மை கொடுக்கிறது.

எடிட்டிங்கில் எதை, எந்த வரிசையில் செய்வது?

நாய்ஸ் நீக்குவதை முதலில் செய்ய வேண்டும். நிறத்தைத் திருத்துவதும் ஷார்ப்னெஸ் கூட்டுவதும் அதன் பிறகு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் முதல் நோடிலேயே (முதல் திருத்தக் கட்டத்திலேயே) போட்டுவிடுங்கள். இலவசப் பதிப்பில் இந்த வசதி இல்லை, கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவில்தான் இருக்கிறது.

இதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு, மாறாமல் இருப்பதை வைத்துக்கொண்டு மாறித் துடிப்பதை நீக்குவது, இது டெம்பரல். மற்றது ஒரே ஃபிரேமுக்குள் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து மழுப்புவது, இது ஸ்பேஷியல். நான் முதலில் டெம்பரலை இரண்டு அல்லது மூன்று ஃபிரேமில் வைத்துப் பார்ப்பேன். சுவர், தூண், உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று அசையாத எல்லாம் விவரம் கெடாமல் சுத்தமாகிவிடும். ஆரத்தித் தட்டு சுற்றும் காட்சியில் அளவு கூடிப்போனால் சுடருக்குப் பின்னால் ஒரு வால் தொடரும். அங்கே குறைத்துக்கொள்ள வேண்டும். ஸ்பேஷியலை நிறத்துக்கு அதிகமாகவும் வெளிச்சத்துக்குக் குறைவாகவும் கொடுங்கள். கண்ணை உறுத்துவது நிறப் பொட்டுகள்தான். கறுப்பு வெள்ளைப் பொடி கொஞ்சம் மிச்சம் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை.

நீட் வீடியோ என்ற நாய்ஸ் நீக்கும் மென்பொருளை வைத்திருப்பவர்கள், நாய்ஸின் மாதிரியை எடுப்பதற்கு விவரமில்லாத ஒரு சமதளத்தைக் காட்ட வேண்டும். நம் வீடுகளில் வெள்ளைச் சுவரின் நிழல் விழுந்த பகுதி அதற்கு மிகவும் ஏற்றது. தேக்குக் கதவைக் காட்டினால் மரத்தின் ரேகையையும் நாய்ஸ் என்று எண்ணித் துடைத்துவிடும். செலவு செய்ய விரும்பாதவர்களுக்கு இலவச மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் உள்ள என்எல்மீன்ஸ் என்ற நாய்ஸ் நீக்கி இருக்கிறது. நேரம் அதிகம் எடுக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

யூடியூபில் ஏற்றுகிறவர்கள் நாய்ஸைக் குறைத்துத்தான் ஏற்ற வேண்டும். ஒழுங்கில்லாமல் துடிக்கும் புள்ளிகளைச் சுருக்குவது எந்த கோடெக்குக்கும் (வீடியோவைச் சுருக்கும் முறைக்கும்) கடினம். இருக்கும் பிட்ரேட்டை (நொடிக்கான தரவு அளவை) அவற்றுக்கே செலவழித்துவிட்டு, முகத்தைக் கட்டம் கட்டமாக்கிவிடும். மிகவும் வழித்துத் துடைத்த படத்தில் இருண்ட சுவர் பட்டை பட்டையாகத் தெரிந்தால், கடைசியில் மெல்லிய கிரெய்னை (செயற்கையான பொடிப் புள்ளிகளை) சேர்த்துவிடுங்கள்.

4கே-இல் எடுப்பதா, 1080-இல் எடுப்பதா?

4கே-இல் எடுத்து 1080-இல் கொடுங்கள். நான்கு புள்ளிகள் சேர்ந்து ஒன்றாகும்போது நாய்ஸ் பாதியளவுக்கு இறங்கும்.

வெயில் காலத்தில் நாய்ஸ் அதிகமாவது என் பிரமையா?

பிரமை இல்லை. வெப்பநிலை 6 முதல் 8 டிகிரி உயரும்போது சென்சாரில் தானாக ஊறும் மின்னோட்டம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. சித்திரை, வைகாசிக் கல்யாணங்களில் கேமராவை வெயிலில் வைக்காதீர்கள், இடைவேளையில் அணைத்துவிடுங்கள். ஒரே இடத்தில் நிலையாக நிற்கும் சிவப்பு, நீலப் புள்ளிகள் தெரிந்தால், மெனுவில் பிக்சல் மேப்பிங் (பழுதான புள்ளிகளை மறைக்கும் வசதி) இருக்கிறதா என்று பார்த்து ஓடவிடுங்கள்.

பழனிக்குக் காவடி செல்வதை இரவில் எடுக்க வேண்டும். தெருவிளக்குக்கூட இல்லாத சாலையில் என்ன செய்வது?

எல்லாவற்றையும் காட்ட முயலாதீர்கள். குன்றக்குடியிலிருந்து புறப்பட்டபின் வழியில் கடைவாசல், பெட்ரோல் பங்க், ஊர் முகப்பு விளக்கு என்று ஒளிக்குளங்கள் வரும். அதற்கு முன்னால் போய் நின்று, காவடிகள் அந்த வெளிச்சத்துக்குள் நுழைவதை எடுங்கள். பின்னால் வரும் வண்டியின் ஹெட்லைட்டை முதுகொளியாக வைத்து மயிலிறகின் ஓரம் மட்டும் மின்னும்படி எடுத்தால், கறுப்பு கறுப்பாகவே இருக்கும், ஏற்றிப்பார்க்க அங்கே ஒன்றுமில்லை. நடப்பவர்களின் கண்ணுக்கு நேராக எல்இடி அடிக்க வேண்டாம். வெறுங்காலோடு இருட்டில் நடப்பவருக்கு அடுத்த அடி தெரியாமல் போகும்.

எவ்வளவு நாய்ஸ் இருந்தால் பரவாயில்லை?

படத்தை நிறுத்திவைத்துப் பெரிதாக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓடும் படத்தில் நம் கண் சில ஃபிரேம்களைச் சேர்த்தே பார்ப்பதால், நிறுத்திய ஃபிரேமில் தெரியும் நாய்ஸில் ஒரு பகுதி ஓடும்போது தெரியாது. வீட்டார் பார்க்கப்போகும் டிவியில், அவர்கள் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து, ஓடவிட்டுப் பாருங்கள். டிவியில் ஷார்ப்னெஸ்ஸும் விவிட் மோடும் ஏற்றி வைக்கப்பட்டிருந்தால் முதலில் அவற்றை இறக்குங்கள். வீடியோ சரியில்லை என்று வந்த இரண்டு புகார்களை நான் அவர்கள் வீட்டு ரிமோட்டிலேயே தீர்த்துவைத்திருக்கிறேன்.